வேவு பார்க்க வந்த கதண்டு

தேனீப் பெட்டியின் வாசலில் கதண்டுக் குளவி ஒன்று வந்து உட்கார்ந்தது. வெளியே வந்த தேனீயைக் கவ்வி, தலையைக் கடித்துத் துண்டாக்கியது.

ஷுஹ்ரத் மரமட்டையை ஓங்கினான்.

"அடிக்காதே," என்றாள் ஒய்தின். மண்டியிட்டு, கைபேசியில் மாட்டியிருந்த சின்ன லென்ஸை அதன் முகத்தருகே நீட்டியிருந்தாள்.

"அண்ணி, இது வேவு பார்க்க வந்திருக்கு. உயிரோட போச்சுன்னா கூட்டத்தையே கூட்டிட்டு வரும்."

"ஒரு படம்டா. ஒண்ணே ஒண்ணு."

"சிரிக்கச் சொல்லட்டுமா அதை?"

கொழுந்தனின் கேலி அவள் காதில் ஏறவில்லை. கொல்லைப் பூச்சிகளைப் படமெடுத்து, மாஸ்கோவில் கட்டட வேலையிலிருக்கும் கணவனுக்கு அனுப்புவாள். தில்முரோத் எந்தப் படத்துக்கும் ஒரே பதில்தான் எழுதுவான்: மங்கலா இருக்கு. போன குளிரில் அவனுடைய பெட்டிகள் செத்து, மிஞ்சியது இது ஒன்று. ஊர் திரும்பியதும் இதிலிருந்து மறுபடி பெருக்கிவிடலாம் என்றிருந்தான்.

கதண்டு தேனீயைப் புரட்டியது. சிறகுகளை அறுத்தது. கால்களை அறுத்தது. வயிற்றைக் கிள்ளி எறிந்தது. நெஞ்சை மட்டும் மென்று உருட்டியது. அவள் மூச்சை அடக்கி அழுத்தினாள். மஞ்சள் முகத்தின் மயிர்கள் ஒவ்வொன்றும் படத்தில் தனித்தனியாகத் தெரிந்தன.

"கிடைச்சிடுச்சு!"

மட்டை இறங்கியது. அதற்குள் கதண்டு பறந்துவிட்டது. அவள் படத்தை அனுப்பினாள்.

மதியம் திராட்சைப் பந்தலுக்கு மேலே இரைச்சல் கேட்டது.

ஷுஹ்ரத் கண்மண் தெரியாமல் அடித்தான். மட்டையில் கதண்டுகளோடு தேனீக்களும் நசுங்கின. ஒய்தின் காலில் கிடந்த ரப்பர்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். சட்டைக் கைக்குள் ஒன்று நுழைந்து கொட்டியது. தன் கையோடு சேர்த்தே அதை அறைந்து நசுக்கினாள். வாசற்பலகையிலிருந்து தேனீத் தலைகள் உதிர்ந்து புல்லில் குவிந்தன.

"படம் எடுங்க அண்ணி!" ஷுஹ்ரத்தின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "இப்ப எடுங்க! எத்தனை வேணும்?"

கதண்டுகள் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. பெட்டியின் ரீங்காரம் குறைந்து, விட்டு விட்டுக் கேட்டு, நின்றது.

புல்லில் விழுந்திருந்த கைபேசி ஒளிர்ந்தது. தில்முரோத்.

'இது தெளிவா இருக்கு. நம்ம பெட்டி வாசல்தானே? விட்டுடாத ஒய்தின், உடனே கொன்னுடு.'

பெட்டியிலிருந்து ஒரு கதண்டு வெள்ளைத் தேனீப் புழுவைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அவள் செருப்பால் அடித்தாள். அது செத்த பிறகும் அடித்தாள்.