நின்ற இடத்தில் வெந்த பம்பர்

கார் என்றால் நாலு பேர் ஏறி உட்கார வேண்டும், டிக்கியில் இரண்டு மூட்டை ஏலக்காய் போட இடம் வேண்டும். என் மகன் விஜய்ராஜ் வாங்கிய காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அதிலும் ஏறி உட்காருவதற்குப் பதில் தரையில் சம்மணம் போடலாம், அவ்வளவு தாழ்வு. மஞ்சள் நிறம் வேறு! பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கினான். ஜெர்மனிக்குப் போகும்போது போடியில் என் ஏலக்காய் குடோனை ஒட்டின ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "வாரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா, இல்லாட்டி பேட்டரி போயிரும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஸ்டார்ட் செய்வேன். அவன் போன் செய்வதும் அந்த நேரம்தான். ஒருநாள் நான் காருக்குள் இருக்கும்போதே போன் வந்தது. குரல் போனிலிருந்து வரவில்லை, காரின் நாலு பக்க ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. "அப்பா" என்றான் பாருங்கள், நான் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். சிரிக்காதீர்கள். என் மனைவி அன்னத்தாய் போனபிறகு என்னைப் பக்கத்திலிருந்து கூப்பிட ஆள் கிடையாது.

அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் காருக்குள்தான். ஏசியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, போனுக்காகக் காத்திருப்பேன். ஆரம்பத்தில் நேரத்துக்குக் கூப்பிட்டான். பிறகு தூங்கி எழுந்து கூப்பிட்டான், பிறகு சிநேகிதர்களோடு எங்கேயோ போய்விட்டு வந்து கூப்பிட்டான். அதுவரைக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேச்சு என்னவோ, "சாப்டீகளா? சரிப்பா, வச்சிருறேன்" என்பதோடு சரி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் கேட்க மாட்டேன். கேட்டால் அந்த இரண்டு வார்த்தையும் நின்றுபோகுமோ என்று பயம்.

போன வாரம் திடீரென்று, "கார வித்துரலாம்னு இருக்கேன்ப்பா. கோட்டயத்துக்காரர் ஒருத்தர் சனிக்கிழம பாக்க வர்றாரு. தொடச்சு வைங்க" என்றான். சரி என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? கார் அவனுடையது.

துடைக்கப் போனபோதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். புகைக்குழாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகித் தொங்கியது. அதற்கு மேலே பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொங்கிக் கிடந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பையன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மறுநாளே தேனிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டி, வழியெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பட்டறைக்காரர் வேல்பாண்டி குனிந்து பார்த்தார்.

"வண்டி ரோட்டுல ஓடுனா காத்து சூட்ட இழுத்துட்டுப் போயிரும் அண்ணாச்சி. நின்ன எடத்துல ஓடவிட்டா சூடு எங்கிட்டுப் போகும்? பின்னால சுவரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதேன். சுவத்துல பட்டுத் திரும்பி இங்கனயே வெந்திருக்கு. எம்புட்டு நேரம் ஓடவிட்டீக?"

"பத்து நிமிஷம்."

அவர் பம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பத்து நிமிஷத்துல இப்படி வேகாதே, அண்ணாச்சி."

"வேலையப் பாருமய்யா! நீரு என்ன போலீசா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாயை பம்பரைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிவிடலாம், குழாய்க்குச் சூடு தாங்கும் பட்டை சுற்றலாம், பம்பருக்கு உள்ளே அலுமினியத் தகடு வைக்கலாம் என்றார். "உருகுனத மாத்திப் பெயிண்ட் அடிச்சுட்டா, வாங்க வர்றவுக கண்டுபிடிக்கவே முடியாது. இனிமே இப்படி ஆகவும் ஆகாது."

அதற்குத்தான் போனேன். ஆனால் அவர் ஸ்பானரை எடுத்ததும்தான் எனக்கு உறைத்தது. இது சரியாகிவிட்டால் சனிக்கிழமை கார் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போய் உட்காருவது?

"வேணாம்யா" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

வேல்பாண்டி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோட்டயத்துக்காரர் சொன்னபடி வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்தார். பின்பக்கம் போனதும், "அய்யோ, இது எந்தா?" என்று உட்கார்ந்துவிட்டார். நாலைந்து போட்டோ எடுத்தார், போட்டு வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், விஜய் கூப்பிட்டான். சனிக்கிழமையில் கூப்பிடுகிறான்! ஓடிப்போய் காருக்குள் ஏறி ஸ்டார்ட் செய்தேன்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீக? பத்து நிமிஷம்னுதான சொன்னேன்? சொன்னா புரியாதா உங்களுக்கு?"

நாலு பக்கமும் திட்டு. அந்த பம்பர் இந்தியாவில் கிடைக்காது என்றான். ஒரு பொருளை நம்பி ஒப்படைக்க முடியவில்லை என்றான். நான் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். என் பிள்ளை என்னிடம் இவ்வளவு நேரம் பேசி எத்தனை காலம் ஆகிவிட்டது! திட்டட்டும், இன்னும் திட்டட்டும்.

"அம்மாவ இந்தக் காருலதேன் மேகமலைக்குக் கூட்டிட்டுப் போனேன், தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. அன்றைக்கும் நான் குடோனில்தான் இருந்திருப்பேன்.

"எதுக்குப்பா அம்புட்டு நேரம் ஓடவிட்டீக?"

உன் போனுக்காகத்தான்டா என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பரிதாபப்படுவான். கொஞ்ச நாளைக்கு மணி அடித்தாற்போல் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைப்பான். அது எனக்கு வேண்டாம்.

"மறந்துட்டேன்டா" என்றேன்.

அவனுக்குக் கோபம் இறங்கிவிட்டது. மூச்சு விடுவதிலேயே தெரிந்தது. "சரி, விடுங்க. வயசாயிருச்சு, உங்களச் சொல்லி என்ன? எனக்கும் வேலை கெடக்கு."

"ஏலே, வச்சிராத" என்றேன். "இன்னொண்ணும் சொல்லணும்."

"என்னப்பா?"

எதிரே கண்ணாடி பளிச்சென்று இருந்தது. துடைத்து வைத்தவனே நான்தான். ஒரு கீறல் கிடையாது.

"முன் கண்ணாடியும் விரிசல் விட்ருச்சுடா" என்றேன்.