செவ்வாய்க்கிழமைப் பிள்ளை

காலை எட்டு பத்துக்கு மகாமுனி புத்தர் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் மே பியூவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போவார்கள்.

துரெய்ன் அதை லடாவன் அம்மாளிடம் சொல்லவில்லை. வழிகாட்டி தன் வீட்டுக் கவலையை விருந்தாளியின் தலையில் இறக்கி வைக்கக் கூடாது. காரில் வரும்போது அவள் கேட்டிருந்தாள்.

"பிள்ளைங்க இருக்கா தம்பி?"

"ஒரே பொண்ணு. ஆறு வயசு."

"நல்லா இருக்காளா?"

"இருக்காம்மா."

மே பியூவுக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. இன்றைக்குக் கம்பெனியில் லீவு கேட்டிருந்தான். மாண்டலேயில் தாய்லாந்து மொழி பேசும் வழிகாட்டி வேறு யாரும் கிடைக்கவில்லை என்றார்கள். மனைவி நீலார்தான் விரட்டினாள்.

"நீ வாசல்ல நின்னா டாக்டருக்கே கை நடுங்கும். போய் வேலையப் பாரு."

லடாவன் சியாங் மாயிலிருந்து வந்திருந்தாள். மகன் பைக்கிலிருந்து விழுந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. இன்னும் கண் திறக்கவில்லை. மகாமுனிக்குத் தங்கத்தாள் ஒட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மற்ற இடமெல்லாம் பயணத் திட்டத்தில் இருந்ததால் பார்க்கிறாள்.

கடையில் ஒரே ஒரு தாள் வாங்கினாள். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிலையை நோக்கி நடந்தவளைத் துரெய்ன் தடுத்தான்.

"பொம்பளைங்க இதுக்கு மேல போகக் கூடாதும்மா. நான் ஒட்டறேன். நீங்க இங்க உக்காந்து, ஒட்டறத டிவியில பாக்கலாம்."

"எங்க ஊர்ல நானே ஒட்டுவேனே. உங்க புத்தருக்குப் பொம்பளைன்னா பயமா?"

"அவருக்கு இல்லம்மா. சுத்தி நிக்கிற ஆம்பளைங்களுக்கு."

சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. தாளை அவன் கையில் வைத்தாள்.

"வீரயுத். என் பையன் பேர்."

"என்ன கிழமை பிறந்தார்? எங்க ஊர்ல கிழமையும் சொல்லித்தான் வேண்டுவோம்."

"செவ்வாய்."

படியேறும்போதே சொல்லிக்கொண்டு போனான். செவ்வாய், வீரயுத். செவ்வாய், வீரயுத். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவன் முறை வந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு முப்பத்தொன்று.

சிலையின் முழங்கால், ஒட்டி ஒட்டித் தடித்த தங்கத்தில் மேடும் பள்ளமுமாக இருந்தது. தாளை வைத்து அழுத்தினான். விரலுக்கு அடியில் ஏதும் இருப்பதே தெரியவில்லை.

"வியாழன். மே பியூ," என்றான். "வியாழன். மே பியூ. வியாழன்."

பின்னால் நின்றவன் தோளைத் தட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. புத்தர் எங்களுக்கும் வேணும்."

தங்கம் சிலையில் ஒட்டிக்கொண்டது. கையில் வெறும் காகிதம்தான் மிஞ்சியிருந்தது. இரண்டு பேரையும் சொல்லியிருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தோன்றவில்லை.

கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான்.

"ஒட்டியாச்சா?"

"ஆச்சும்மா."

"பேர் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

தன்னைவிட இருபது வயது இளையவனைத் தலை குனிந்து கும்பிட்டாள். அவன் செருப்பைத் தேடப் போனான்.

தேக்கு மடாலயத்தில் இரண்டு அரசர்களின் பெயரை மாற்றிச் சொன்னான். அவள் கவனிக்கவில்லை. கதவுச் செதுக்கலைப் பற்றி நான்காவது வாக்கியத்தில் இருந்தபோது, பன்னிரண்டரை மணிக்கு, போன் அடித்தது. தூணுக்குப் பின்னால் ஓடினான்.

"முடிஞ்சுது," என்றாள் நீலார். "நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கண்ணத் தொறந்ததும் உன்னத்தான் கேட்டா, நன்றி கெட்டவ. விடிய விடிய முழிச்சது நான்."

அவன் தூணில் நெற்றியை வைத்தான்.

"இருக்கியா? செத்துட்டியா?"

"இருக்கேன்."

திரும்பி வந்தபோது லடாவன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லேருந்தா? நல்ல சேதியா?"

"தண்ணி மோட்டார் ரிப்பேரா இருந்துதும்மா. சரியாயிடுச்சாம்."

"நல்லது. தண்ணி இல்லன்னா கஷ்டம்தான்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மதியம் நூடுல்ஸில் பாதியை வைத்துவிட்டாள். அவன் தட்டைக் காலி செய்தான். பசித்தது. பசித்தது அவனுக்கே பிடிக்கவில்லை.

அமரபுரா போகும் வழியில் கார் மறுபடியும் மகாமுனி வீதியைக் கடந்தது. நிறுத்தச் சொல்லலாம். ஒரு தாள் வாங்கி ஒட்டிவிட்டு வர அரை மணி நேரம் போதும். ஏன் என்று அவள் கேட்பாள். நன்றி சொல்ல என்றால் யாருக்காக என்பாள். டிரைவரின் தோளை நோக்கிக் கையைக்கூட நீட்டினான். பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். கோபுரம் பின்னால் போய்விட்டது.

சாயங்காலம் அமரபுரா மரப்பாலத்தில் கூட்டம் அதிகம். எல்லோரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் வயதைச் சொல்லத் தொடங்கினான். அவள் கையை உயர்த்தினாள். அவளுடைய போன் அடித்துக்கொண்டிருந்தது.

ஏழெட்டு தடவை "ம்" என்றாள். வைத்தாள்.

"பெரிய பொண்ணு பேசினா. அப்படியேதான் இருக்கானாம்."

"ஒரு நாள்தானேம்மா ஆச்சு."

"ஆமா. ஒரு நாள்தான்."

கீழே ஏரியில் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தான். லடாவன் அவனைப் பார்த்தபடியே பேசினாள்.

"காலையில டிவியில உங்க முகத்தப் பெருசாக் காட்டினாங்க தம்பி. அழுதுட்டிருந்தீங்க."

துரெய்ன் பாலத்தின் பலகையைப் பார்த்தான்.

"பெத்தவ நான், எனக்கே இன்னும் அழுகை வரல. நீங்க அவன ஒரு தடவகூடப் பாத்ததில்ல. அவனுக்காகவா தம்பி அப்படி அழுதீங்க?"