அரிசிக்குள் கிடந்த ஸ்ட்ரைக்கர்

காலைப் பூசைக்குப் போய் வந்து, உலை வைத்துவிட்டு, அரிசி டிரம்முக்குள் உழக்கை விட்டேன். ஏதோ தட்டுப்பட்டது. இம்புட்டுப் பெரிய கல்லையா போட்டு நிறுப்பான், அந்தக் கடைக்காரனுக்கு மனசாட்சியே கிடையாதா என்று திட்டிக்கொண்டே கையை விட்டு எடுத்தேன். கல் இல்லை. உள்ளங்கையில் தவிடு அப்பிக் கிடந்தது என் வீட்டுக்காரருடைய கேரம் ஸ்ட்ரைக்கர்.

முந்தின நாள் பூராவும் நாங்கள் தேடியது இதைத்தான். பீரோவை நகர்த்திப் பார்த்தோம், மெத்தையை உதறிப் பார்த்தோம். பாப்பாவின் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கொட்டி, இவள்தான் எடுத்திருப்பாள் என்று முதுகில் ஒன்று வைத்தேன். "நான் தொடவே இல்லம்மா" என்று ஆறு வயசுப் பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதது. அவர் நடு வீட்டில் நின்றுகொண்டு, "பஸ்ல விழுந்திருக்கும்போல" என்றார். அந்த ஒரு பேச்சை நம்பி நல்லகாமன் அண்ணன் டிப்போ வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

நல்லகாமன் அண்ணன் என் வீட்டுக்காரர் தனிஸ்லாசின் ஆட்ட ஜோடி. உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மதுரைக்கு வந்து பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். கேரமில் இரண்டு இரண்டு பேராக ஆடினால் ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். பேசக் கூடாது, சாடை காட்டவும் கூடாது. இந்த இரண்டு பேரும் வருஷக்கணக்கில் அப்படி ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். போன வருஷம், எண்பத்திரண்டில், ஜில்லா கோப்பையை ஜெயித்தார்கள். இந்த வருஷ ஃபைனல் இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு.

டிரம்மின் மூடி இறுக்கம். நானே உழக்கால் நெம்பித்தான் திறப்பேன், பாப்பாவால் முடியாது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள். கல்யாணம் ஆனதிலிருந்து அரிசி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டறியாத மனுஷன், தன் ஸ்ட்ரைக்கரைத் தானே கொண்டுபோய் அதற்குள் புதைத்திருக்கிறார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்தாற்போல், இதற்காகவா பிள்ளையை அடித்தேன் என்று ஆத்திரம் வந்தது. அதற்கப்புறம் பயம் வந்தது. அது போகவே இல்லை.

கேரமை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இவர் வேலை பார்ப்பது கப்பலூரில் ஒரு குழாய் கம்பெனியில். எங்கள் ஆனையூரிலிருந்து பெரியார் பஸ் நிலையம், அங்கிருந்து திருமங்கலம் போகிற பஸ். திரும்பி வரும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். அப்படி வந்தவர் முகம் கழுவிவிட்டு கேரம் மன்றத்துக்குப் போய் நாலு ஆட்டம் ஆடினால், திரும்பும்போது தெருமுனையிலேயே சீட்டிச் சத்தம் கேட்கும். எனக்கு அது போதும். சீட்டு இல்லை, குடி இல்லை. விரலில் போரிக் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருக்கும், அம்புட்டுத்தான்.

கோப்பை வந்ததும் எல்லாம் மாறியது. கம்பெனி முதலாளி அதை வாங்கித் தன் ரூமில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக்கொண்டார். வருகிறவனிடமெல்லாம் நம்ம தனிஸ்லாஸ், நம்ம தனிஸ்லாஸ் என்று சொல்லிக்கொள்வாராம். நம்ம தனிஸ்லாஸ் என்றால் எதையும் அவர் தலையில் கட்டலாம் அல்லவா. ஸ்டோரில் ஒருத்தர் வேலையை விட்டு நின்றார், அந்த வேலை இவருக்கு வந்தது. லோடு அனுப்புகிறவர் சண்டை போட்டுக்கொண்டு போனார், அதுவும் இவருக்கே. ஏன் என்று கேட்கத் தெரியாது என் வீட்டுக்காரருக்கு. "பாத்துக்கிருவோம்" என்பார். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் மன்றம், அங்கே போனால், அடுத்த கோப்பையும் நமக்குத்தான் என்று தோளைத் தட்டுகிற கூட்டம். வீட்டில் கேரம் பலகையைப் போட்டுத் தனியாக ஒத்திகை. அந்த நேரத்தில் நானும் பாப்பாவும் தும்மக் கூடாது. சீட்டிச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. சாப்பிடும்போது ஆள்காட்டி விரல் தட்டின் விளிம்பைச் சுண்டிக்கொண்டே இருக்கும். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்தார்.

போன வாரம் பால்கார இருளாயி பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். "டீச்சரு, தப்பா நெனைக்காதீக. ஒங்க வீட்டு சாரு ஸ்டாப்புல நிக்காரு, வார பஸ்ஸ எல்லாம் விட்டுக்கிட்டே நிக்காரு. கூட்டமும் இல்ல. சும்மா பாத்துக்கிட்டே நிக்காரு" என்றாள். என் கூடப்பிறந்த சவரியப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நல்ல வாத்தியார். வீட்டுக்கு மூத்தவன் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தவன். ஒரு நாள் பாடத்தின் நடுவில் சாக்பீஸை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். இன்று வரைக்கும் அம்மா வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்; கூப்பிட்டால் சிரிப்பான், அவ்வளவுதான். இவரும் அப்படி உட்கார்ந்துவிடுவாரோ என்று நினைத்துத்தான் அந்த வாரம் பூராவும் நான் பள்ளிக்கூடத்தில் தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டேன். மாதாவே, இவரையாவது விட்டுவை என்று காலையில் பூசையிலும் அதைத்தான் கேட்டுவிட்டு வந்தேன்.

உலை கொதித்தது. ஸ்ட்ரைக்கரைத் திரும்ப அரிசிக்குள்ளேயே வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் அரிசியைத் தள்ளி மூடினேன்.

அவர் கறி வாங்கிக்கொண்டு வந்தார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் தேட ஆரம்பித்தார். நான் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே பார்த்த பீரோ மேலேயே பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அடுப்படிப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அப்புறம் நிலைப்படியில் வந்து நின்று, "அரிசி போட்டுட்டியா மேரி?" என்றார்.

"போட்டாச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

சோறு வடிக்கும்போதே நல்லகாமன் அண்ணனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பலகை மேல் நாலு ஸ்ட்ரைக்கரை வைத்தார். ஊர் பூராவும் அலைந்து ஆள் ஆளாகக் கெஞ்சி வாங்கியிருக்கிறார். "எது கைக்கு அமையுதுன்னு சுண்டிப் பாரு மாப்ள. நேரம் கெடக்கு" என்றார்.

இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து விரலை மடக்கினார். விரல் நடுங்கியது. எதிரே இருந்த காய் வரைக்கும்கூடப் போகாமல் அது பாதியில் நின்றது. இரண்டாவதை வைத்தார், அது பக்கவாட்டில் ஓடிச் சட்டத்தில் மோதியது. "புதுசுல்ல, அப்புடித்தான் இருக்கும். பவுடரு பத்தல" என்று நல்லகாமன் அண்ணன் டப்பாவை எடுத்துத் தட்டினார். மூன்றாவதற்கு இன்னும் தட்டினார். பலகையே வெள்ளையாகிவிட்டது. அண்ணன் இவருடைய விரலைப் பார்க்கவே இல்லை, பவுடரைத்தான் பார்த்தார். இவருடைய மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிப் பவுடரில் விழுந்தது. நாலாவதைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்திருந்தார். போதும்டா சாமி என்று எனக்குள் ஏதோ அறுந்தது.

உள்ளே போய் டிரம்மைத் திறந்து எடுத்து வந்தேன். அவசரத்தில் நாலைந்து அரிசியும் பலகையில் உதிர்ந்தது.

"அண்ணே, தேட வேணாம். நாந்தான் அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சேன்" என்றேன்.

நல்லகாமன் அண்ணன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தங்கச்சி?"

"எனக்கு இவரு போறது பிடிக்கல."

"நேத்து நாயா அலைஞ்சேன். டிப்போக்காரன்கிட்ட ஏச்சு வாங்குனேன். நீயும் கூடவே தேடுனியே." குரல் ஏறவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "போகுது, எங்கள விடு. அந்தப் பச்சப்பிள்ளைய வேற போட்டு அடிச்சியே. எப்புடித் தங்கச்சி மனசு வந்துச்சு?"

இவர் பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இருக்கட்டும் என்றும் நினைத்தேன். ஏச்சு வாங்குவது எனக்குப் புதிதா என்ன. வெளியே பாப்பா எதற்கோ சிரித்தாள்.

"அவ இல்ல மாப்ள" என்றார் இவர். "நான். நாந்தான் வச்சேன். பிள்ள அடி வாங்கும்போதும் வாயத் தொறக்காம நின்னேன்."

நல்லகாமன் அண்ணனுக்குப் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"முடியல மாப்ள. பலகையப் பாத்தாலே வயித்தக் கலக்குது. கையப் பாத்தா பயமா இருக்கு. கம்பெனிக்கும் முடியல. பஸ்ஸு வருது, நிக்கிது, கால் ஏற மாட்டேங்குது. அடுத்ததுல போவோம், அடுத்ததுல போவோம்னு நிக்கேன். ஆடாம இருந்தா செத்துருவேன்னு நெனச்ச ஆளு நான்." தோள்பட்டை மட்டும் குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. கிட்டப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் அரிசிக் கையோடு நின்றேன்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"தினம் ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எதுக்க உக்காந்திருக்கேன். எப்புடிடா சொல்லுவேன்?"

நல்லகாமன் அண்ணன் நாலு ஸ்ட்ரைக்கரையும் எடுத்து, ஒவ்வொன்றாக வேட்டி நுனியில் துடைத்து, கைக்குட்டையில் முடிந்தார். "நான் என் மட்டுல கோப்பையவே நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்றார், எங்களிடம் இல்லை, முடிச்சிடம். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சாப்பிட்டுப் போங்கண்ணே. கறி வெந்துருச்சு."

"இன்னைக்கு எறங்காது தங்கச்சி. போயி ஆளு வரலைன்னு சொல்லணும்ல." வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "மாப்ள, ஒன் எடத்த வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். ஸ்கூட்டர் இரண்டு உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பிப் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

இவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை, ஆனால் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மூன்று மணி ஆனபோது இரண்டு பேருமே கடிகாரத்தைப் பார்த்தோம். நான் பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தேன்.

"நாளைக்குத் திங்கக்கெழம" என்றார் பின்னாலிருந்து.

"நானும் ஸ்டாப்புக்கு வாரேன்."

"ஏற முடியலைன்னா?"

"ஏற முடியலைன்னா ரெண்டு பேரும் திரும்பி வீட்டுக்கு வருவோம். வந்து காப்பி குடிப்போம். பெறகு யோசிப்போம்." தைரியமாகத்தான் சொன்னேன். சாம்பல் கையால் தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன். அப்புறம் என்ன யோசிப்போம் என்று எனக்குத் தெரியாது. சவரியப்பனுக்கும் இப்படித்தான் நாங்கள் யோசித்தோம்.

வெயில் தாழ்ந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்தார். பாப்பா தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். காலால் எத்துகிற சில்லு மஞ்சளாக மினுங்கியது. காலையில் அரிசிக்குள் கிடந்த அதேதான். தந்தத்தில் கடைந்த ஸ்ட்ரைக்கர், போன வருஷம் மன்றத்தில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பாப்பா அதைத் தொட்டாலே இவர் பதறிப்போவார்.

"ஏய், அத எடுடி" என்று நான் இறங்கினேன்.

"விடு மேரி" என்றார்.

பாப்பா ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வந்து எத்தினாள். ஸ்ட்ரைக்கர் புழுதியில் சறுக்கிக்கொண்டு போய் அடுத்த கட்டத்தின் ஓரத்தில் நின்றது. "அப்பா, கோட்டுல பட்டுருச்சா? பாத்துச் சொல்லுங்கப்பா. நான் காலக் கீழ வைக்கக் கூடாது."

அவர் எழுந்து போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முகத்தைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோனார். ஆள்காட்டி விரலை நீட்டினார், தொடவில்லை. அந்த நேரம் பார்த்து மெயின் ரோட்டில் பஸ் ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை, பஸ் உறுமிக்கொண்டே நின்றது. பாப்பா இரண்டு கையையும் விரித்து, தூக்கிய காலைக் கீழே விடாமல், ஆடிக்கொண்டே அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.