கொழுப்பு உறையாத பானை

காலையில் கதவைத் திறந்தபோது வாசல் கல்லின் மேல் பானை இல்லை. மார்னாவுக்கு முதலில் காற்றின் மேல்தான் சந்தேகம் வந்தது. ராத்திரி முழுக்கத் தெற்கிலிருந்து அடித்த காற்று எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தெருக்கோடி வரை உருட்டிக்கொண்டு போயிருந்தது. ஒரு சூப்புப் பானையைத் தூக்கிப்போக அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றித் தேடினாள், வேலிக்கு அப்பால் ஆடுகள் நின்ற சரிவிலும் தேடினாள். கால் நனைந்ததுதான் மிச்சம். காலுறை மாற்றலாம் என்று, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் அறைக்குள் போனபோது, காயப்போட்ட கம்பளிச் சட்டைகளுக்குக் கீழே, இரண்டு ஜோடி பூட்ஸுகளுக்கு நடுவில் பானை சொகுசாக உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

ஹெய்னியின் வேலை. காற்று எழும்பியதும் அவள் கணவன் எழுந்துபோய்ப் பானையைக் காப்பாற்றி, வீட்டிலேயே அதிகம் சூடான அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியில் போய்ப் படுத்திருக்கிறான். கேட்டால் அப்படியேதான் சொன்னான், பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. குளிர்காலத்தில் சமைத்த பானை கெடாமல் இருக்க வாசல் கல்லில்தான் ராத்தங்கும், அந்த ஊரில் யார் வீட்டிலும் அப்படித்தான். அது ஏன் வெளியே இருக்கிறது என்று ஹெய்னி தன் ஆயுளில் ஒருமுறை கூட யோசித்ததில்லை. நாற்றத்துக்குப் பயந்து வெளியே வைக்கிறார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

நாற்றம் என்றால் சும்மா இல்லை. அக்டோபரில் அறுத்த ஆட்டின் பின்னங்கால், உப்புக்கூடப் போடாமல் பலகை இடுக்குகள் வழியாகக் கடல் காற்று புகுந்து புறப்படும் கொட்டகையில் தொங்கி, தானாகவே புளித்துப் பழுத்த கறி. அடுப்பில் ஏற்றினால் நாற்றம் ஜன்னல் திரை வரைக்கும் ஏறும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வாடையிலேயே வாய் ஊறும். கிறிஸ்துமஸ் தாண்டினால் கொட்டகையில் இருப்பதெல்லாம் காய்ந்து மரக்கட்டையாகிவிடும். இந்த ஒரு பின்னங்காலை மட்டும் பழுத்த பக்குவத்திலேயே எடுத்து, உறைபெட்டியில் ஒளித்து வைத்திருந்தாள் மார்னா. அன்ஸ்கருக்காக.

அன்ஸ்கர் ஹெய்னியின் அண்ணன். மீன்பிடிக் கப்பலின் எஞ்சின் அறையிலேயே நரைத்தவன், கல்யாணம் காட்சி எதுவும் இல்லை, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். ரத்தத்தில் நோய் என்று கோடை கழிந்ததும் தீவைவிட்டுக் கோபன்ஹேகன் ஆஸ்பத்திரிக்குப் போனவன், முந்தாநாள்தான் திரும்பி வந்திருந்தான். நோயை அடக்கிவிட்டார்கள். ஆனால் மருந்து அவன் நாக்கையும் மூக்கையும் சேர்த்து அடக்கிவிட்டது. எது தின்றாலும் நனைந்த அட்டை மாதிரி இருக்கிறது என்றான். சாப்பிடவே உட்காருவதில்லை, சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உன் புளிச்ச கறி சூப்பு வை, மார்னா. எதுவும் உள்ள போக மாட்டேங்குது. அது கதவ ஒடச்சிட்டுப் போகும்." இன்று மதியம் அதற்குத்தான் வருகிறான்.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். அங்கேதான் சிக்கலே. பால் கெட்டால் மூக்கு சொல்லிவிடும், மீன் கெட்டால் அடுத்த வீட்டு மூக்கே சொல்லும். இந்தச் சூப்பு நேற்று நன்றாக இருந்தபோதே இப்படித்தான் நாறியது. கரண்டி விட்டுக் கிளறினாள். அரிசி அடியில் கிடந்தது, கிழங்கு குழையவில்லை, நுரை ஒன்றும் கிளம்பவில்லை. ஆனால் மேலே மிதந்த ஆட்டுக் கொழுப்பு உறையாமல் தளதளவென்று எண்ணெயாக ஓடியது. வாசல் கல்லில் ராத்தங்கிய பானையில் கொழுப்பு வெள்ளைத் தட்டு மாதிரி இறுகியிருக்கும், கத்தி வைத்துப் பெயர்க்கலாம். இந்தப் பானை ஒரு நிமிஷம் கூடக் குளிரவில்லை.

"நல்லா கொதிக்க வச்சிட்டாப் போச்சு," என்றான் ஹெய்னி. "கெட்டுப்போறதுக்கு இதுல இனிமே என்ன பாக்கி இருக்கு? அக்டோபர்லருந்து கெட்டுக்கிட்டேதானே இருக்கு."

பாதி ஊர் அவன் கட்சியில்தான் இருக்கும். மார்னாவுக்கும் வேறு நாளாக இருந்தால் அது போதும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் அவள் மீன் தொழிற்சாலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். கொட்டகையில் காற்று பழுக்க வைக்கிற கறி வேறு, மூடிபோட்டு வெந்நீர்க் குழாய் பக்கத்தில் புழுங்கிய சூப்பு வேறு என்று அவளுக்குத் தெரியும். கிருமிகளில் சிலது கொதிநீரில் செத்தாலும், விஷத்தை விட்டுவிட்டுத்தான் சாகும் என்றும் தெரியும். அன்ஸ்கரின் ரத்தத்தில் இப்போது ஒரு சின்னக் கிருமியை எதிர்க்கக்கூடத் தெம்பில்லை. காய்ச்சல் வந்தால் உடனே விமானம் ஏற வேண்டும், திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை.

மனசு கேட்காமல் ஆஸ்பத்திரி எண்ணுக்கே போன் போட்டாள். எடுத்தவள் ஒரு டேனிஷ் நர்ஸ், குரலைக் கேட்டால் சின்னப் பெண். ராத்திரி முழுக்கச் சூட்டில் இருந்த சூப்பு என்று மார்னா ஆரம்பித்தாள். கறி எப்போது வாங்கியது என்றாள் நர்ஸ். வாங்கவில்லை, அக்டோபரில் அறுத்தது. அதிலிருந்து உறைபெட்டியிலா? இல்லை, பெரும்பாலும் கொட்டகையில். கொட்டகையில் குளிர்சாதனம் உண்டா? காற்று உண்டு என்றாள் மார்னா. பூஞ்சை ஏதாவது இருந்ததா என்று மெதுவாகக் கேட்டாள் நர்ஸ். இருந்தது, கழுவினால் போய்விடும். அவ்வளவுதான், ராத்திரிக் கதையை அந்தப் பெண் மறந்தேவிட்டாள். இதை நேற்றும் கொடுத்திருக்கக் கூடாது, நாளைக்கும் கூடாது, தயவுசெய்து எந்த நாளும் கூடாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். மார்னா நன்றி சொல்லி வைத்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அதற்குள் ஹெய்னி ஒரு கிண்ணம் சூப்பைக் கொதிக்க வைத்து, அவள் கண் முன்னாலேயே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மதியம் வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிரு என்று நாற்காலியில் சாய்ந்தான். அவளும் பார்த்தாள். அவன் பேப்பர் படித்தான், எதிர்வீட்டுக்காரனின் குப்பைத் தொட்டியை நிமிர்த்திக்கொடுத்தான், பசிக்கிறது என்று இன்னொரு கிண்ணம் குடித்தான். அவன் வயிறு கயிறைப் போட்டாலும் செரிக்கும். அவன் நன்றாக இருக்க இருக்க மார்னா பானை மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கொடுத்தால் ஒன்றும் ஆகாமலே போகலாம். ஒருவேளை அந்த மனுஷன் இன்றைக்குத்தான் ஒரு கிண்ணம் முழுசாகச் சாப்பிடுவான், நாளையிலிருந்து தேறத் தொடங்குவான். அதைத் தட்டிப் பறிக்கிறோமோ என்று நினைக்கையில் அவளுக்கு அழுகையே வந்தது. பானையை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, நேற்றுத் துறையில் வாங்கிய காட் மீனை அரைமனதாக வேகவைத்தாள்.

அன்ஸ்கர் வந்தான். இரண்டு வீட்டுத் தூரத்துக்கே மூச்சு வாங்கியது. மீன் தட்டைப் பார்த்தான், பிறகு பானையைப் பார்த்தான்.

மார்னா சுற்றி வளைக்கவில்லை. ராத்திரி நடந்ததைச் சொன்னாள். ஹெய்னி உடனே தன் வயிற்றைச் சாட்சிக்கு இழுத்தான், ரெண்டு கிண்ணம் குடித்தேன் பார் என்று தட்டிக் காட்டினான். அன்ஸ்கர் தம்பியைப் பார்த்து லேசாகச் சிரித்தான். "உன் வயித்த நம்பி கப்பல்ல ஏறலாம்டா. ஆஸ்பத்திரில ஏற முடியாது." ஆனாலும் உட்காராமல் பானைக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"சாப்பிடல. தொறந்து மட்டும் காட்டு."

அவள் திறந்தாள். அவன் குனிந்தான், இழுத்து முகர்ந்தான், ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினான். கண்குழிக்குள் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. மார்னாவுக்குத் தாங்கவில்லை. பானையை அடுப்பில் ஏற்றித் தீயைக் கூட்டினாள். ஆவி கிளம்பியது, வீடு முழுக்க நாறியது. அன்ஸ்கர் மேலே குனிந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆவிக்குள் முகத்தை விட்டான். வெகுநேரம் எழவே இல்லை. ஹெய்னி ஏதோ சொல்ல வாயெடுத்தான், மார்னா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வருது," என்றான் அன்ஸ்கர். "ஒரு ஓரமா. கொட்டகைக் கதவத் தொறந்தா வருமே, அது."

முகத்தில் வழிந்தது ஆவியா கண்ணீரா என்று தெரியவில்லை, அவனும் துடைக்கவில்லை. பிறகு நிமிராமலே கையை நீட்டினான். "ஒரே ஒரு கரண்டி, மார்னா. நாக்குல வச்சிட்டுத் துப்பிடறேன்."

கரண்டி அவள் கையில்தான் இருந்தது. ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடும்? அவள் இதை இரண்டாவது தடவை நினைக்கத் தன்னை விடவில்லை. கரண்டியைப் பின்னால் இருந்த பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாள்.

"வர்ற அக்டோபர்ல அறுப்போம். கிறிஸ்துமஸுக்குப் பான வைப்பேன். அன்னைக்கு நீ இந்த நாற்காலில ஒக்காந்திருக்கணும், அன்ஸ்கர். அதுக்குத்தான் இன்னைக்கித் தரமாட்டேன்."

அதுவரை அந்த வீட்டில் யாரும் கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசியதில்லை. அடுத்த வாரத்துக்கு மேல் போகாமல் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்ஸ்கர் அவளைப் பார்த்தான். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தான். மீன் தட்டைக் கிட்டே இழுத்து, அட்டையைத் தின்பவன் போலப் பாதி வரைக்கும் தின்றான்.

ஹெய்னிக்கு அன்றும் ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் அவன் ஒரு வாரத்தைக் கழித்ததே பெரிய விஷயம்.

அன்று சாப்பாடு முடிந்ததும் பானையைக் கடலில் கொட்ட மார்னா கிளம்பினாள். பானையின் இன்னொரு காதை நான் பிடிக்கிறேன் என்றான் அன்ஸ்கர். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், மூடியைப் போடவாவது பார்த்தாள். இரண்டுக்கும் அவன் விடவில்லை. காற்று அடங்கியிருந்தது. ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு துறைக்குப் போகும் சரிவில் இறங்கினார்கள். கடல்காக்கைகள் அதற்குள் மோப்பம் பிடித்துத் தலைக்கு மேல் கூடிவிட்டன. நாலெட்டுக்கு ஒருமுறை அன்ஸ்கர் நின்றான். அவளும் நின்றாள். அவன் குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தான்.