சும்மா இருக்க ஒரு பயிற்சி

“இருபத்திரண்டு வருஷமா கரண்ட்ல கை வைக்கிறேன். எனக்குப் பயிற்சியா?”

“கரண்டுக்கு இல்லைங்க, பிள்ளைங்களுக்கு!”

“பிள்ளைங்களுக்குத்தானே? அப்ப அவங்களை அனுப்புங்க!”

நூலகத்து ஜன்னலும் எங்கள் சமையலறை ஜன்னலும் எதிரெதிர். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. சத்தம் தானாக நடந்து வந்தது. நான் செய்ததெல்லாம் மிக்ஸியை நிறுத்தியதுதான்.

கத்தியவர் எலக்ட்ரீஷியன். தெருவில் அவரைக் ‘கரண்ட்டு’ என்போம். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு மாடியில் வாசம். சனிக்கிழமை நாலு மணிக்கு நூலகத்து மேலறையில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். சம்பளம் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமையே சட்டை இஸ்திரி ஆகிவிடும். மற்ற ஆறு நாளும் அவருக்குச் சனிக்கிழமைக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

எதிரே நின்று கத்தியவர் நூலகர் அம்மா.

“பதினொரு பேர் வந்தாங்க. இப்ப நாலே பேர். ஏன்னு தெரியுமா?”

“எல்லாம் செல்போன் மேடம்!”

“நீச்சல், நாடகம், ஓட்டம், எல்லாக் குழுவையும் நடத்துறவங்க இந்தப் பயிற்சிக்குப் போறாங்க. ரெண்டே நாள். நீங்க போகலேன்னா அடுத்த மாசம் மேலறையைப் பூட்டிடுவேன்.”

அந்த வார்த்தையில் கரண்ட்டு அணைந்தார்.

மிச்சத்தை அக்கா பார்த்துக்கொண்டாள். “போடா. ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்தா தேஞ்சா போயிடுவே? அந்த ரூமும் போச்சுன்னா சனிக்கிழமையும் என் தலையிலதான் உட்காருவே.”

போனார். பயிற்சி நடந்த கூடத்தைப் பெருக்குவது என் நாத்தனார் என்பதால், இனி வருவதில் ஒரு சொல்லும் புளுகு இல்லை.

காலையில் பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வது, ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால் யாரிடம் போவது என்றெல்லாம் சொன்னார்களாம். கரண்ட்டு நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டார். வினை பிற்பகலில்தான். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் காகிதத்தில் பெட்டி மடிக்க வேண்டும். மற்றவர் தன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மடிப்பவர் தப்பு செய்தால் முப்பது எண்ணி முடிக்கும்வரை வாயையும் திறக்கக் கூடாது.

அவருக்கு ஜோடி, நீச்சல் குழுவை நடத்தும் நர்ஸ். ஏழு எண்ணுவதற்குள் காகிதத்தைப் பிடுங்கிவிட்டார். அடுத்த முறை பதினொன்று. மூன்றாம் முறை கை அடங்கியது, வாய் அடங்கவில்லை: “இடது பக்கம்! இடது பக்கம்!”

நர்ஸ் காகிதத்தைக் கீழே வைத்தார். “ஏங்க, நான் குழந்தைக்கு ஊசி போடுறவ. எனக்குப் பேப்பர் மடிக்கத் தெரியாதா? நீங்க பிடுங்குறப்ப எனக்கே என் கையைப் பிடிக்காமப் போகுது.”

கரண்ட்டு டீயைத் தொடவில்லையாம். ஆறிய டீயைத் தள்ளி வைத்துவிட்டு, “என்கிட்ட வந்த ஏழு பேரும் இதுக்குத்தான் நின்னுட்டாங்களா?” என்று கேட்டாராம்.

“என்னைக் கேட்டா? அவங்களைப் போய்க் கேளுங்க,” என்று நர்ஸ் வேறு டீ வாங்கிவந்து கையில் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போது நாத்தனார் கண்ணைச் சிமிட்டினாள். நான் கேட்கவே இல்லை.

முதலில் நின்றுபோனது மருந்துக்கடைக்காரர் மகள், பதினைந்து வயது. கரண்ட்டு கடைக்கே போனார். தலைவலி மாத்திரை வாங்க நானும் போயிருந்தேன். தலை நன்றாகத்தான் இருந்தது.

“இந்த வாரம் வாம்மா. நான் எதையும் தொடமாட்டேன்.”

“அவளுக்குப் பரீட்சை,” என்றார் அப்பா.

“அவளே சொல்லட்டுங்க.”

பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களாவது, தொடாம இருக்கறதாவது! சரி மாமா, வர்றேன். எத்தனை நிமிஷம் தாங்குறீங்கன்னு பார்க்கலாம்.”

சனிக்கிழமை, படிக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நான் மேலறை வழியாகப் போக வேண்டியிருந்தது. அவள் மேசை விளக்கைப் பிரித்துப் போட்டிருந்தாள். ஒயரின் பிளக் முனை பத்திரமாகக் கரண்ட்டின் சட்டைப்பையில். கைகள் தொடைக்கு அடியில். பெண் ஒயரை முதலில் ஹோல்டரின் மூடிக்குள் நுழைக்காமலே ஹோல்டரில் கோத்து, திருகாணியையும் இறுக்கிவிட்டாள். இனி மூடியை மாட்ட வழியில்லை. எனக்கே தெரிந்தது. கரண்ட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவள் மூடியைத் தேடினாள். கையில் எடுத்தாள். ஹோல்டரைப் பார்த்தாள்.

“ஐயோ, மூடி!”

விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி கோத்தாள். கரண்ட்டு ஒவ்வொரு இணைப்பையும் கண்ணாலேயே தடவிப் பார்த்துவிட்டு, பிளக்கை அவள் கையில் கொடுத்தார். விளக்கு எரிந்தது.

“எண்ணிட்டா இருந்தீங்க மாமா?”

“இருபத்தாறு வரைக்கும்,” என்றார். “இவ்வளவு நாளும் உன்னை நான் செய்யவே விடலை, இல்லடா?”

அடுத்த வாரம் அவள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தாள். வராத இரண்டு பேருக்கும் காரணம் நிஜமாகவே செல்போன்தான். அந்த மட்டுக்கும் கரண்ட்டு சொன்னது சரி. அறை பூட்டப்படவில்லை.

மறு வருஷம் அவருக்கும் நர்ஸுக்கும் கல்யாணம். ஆஸ்பத்திரிப் பக்கம் குடிபோய்விட்டார்கள்; சனிக்கிழமை மட்டும் கரண்ட்டு இரண்டு பஸ் மாறி வருகிறார். நூலகர் அம்மா ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டார். மருந்துக்கடைப் பெண் எலக்ட்ரிகல் படிக்க வெளியூரில் இருக்கிறாள். அக்கா வீட்டு மாடி இன்னும் காலிதான். நல்ல குடும்பமாக யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த மாடி ஜன்னலும் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது.