இரண்டு வாய்க்கு ஒரு வாடிக்கையாளர்

குயில்டெல் நிறுவனத்தைச் சிட்டு மொபைல் வாங்கிய மறுநாள் காலை, நாமக்கல்லுக்கு வெளியே தன் கோழிப்பண்ணையில் சென்னியப்பன் டீ குடித்தார். அயோத்தியாப்பட்டணத்தில் முட்டை மொத்தக்கடை வைத்திருக்கும் மஸ்தான் பீவிக்கு நாக்கு சுட்டது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. டவர்களும் வாடிக்கையாளர்களும் இணைக்கப்படுவதாக எல்லோருக்கும் முன்கூட்டியே மெசேஜ் வந்திருந்தது. டவர்களை இணைக்கச் செலவாகும் என்பதால் வாடிக்கையாளர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஒத்துப்போனவர்கள் இருவர் இருவராக ஒருவரானார்கள்; யாரோடு யார் என்பது மெசேஜைக் கடைசிவரை படித்தவர்களுக்குத் தெரிந்தது. ராசிபுரத்தில் ஒருவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள, ஆத்தூரில் இன்னொருவருக்கு வலி நின்றது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் லாரி டிரைவர் வடக்கே போய்ச் சப்பாத்தியாகத் தின்று, கொண்டப்பநாயக்கன்பட்டி வாத்தியார் ஒருவரைச் சட்டைக்குள் அடங்காதபடி பெருக்க வைத்தார். சிக்னல் மட்டும் பழையபடி மொட்டைமாடியில்தான் கிடைத்தது.

இது ஆடியில். மாசியில் நோன்பு நெருங்கியபோதுதான் மஸ்தான் பீவிக்குக் கவலை பிடித்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பும் விடாதவர் அவர். சென்னியப்பன் ஒரு பகலில் குடிக்கும் டீயைத் தேக்கினாலோ மேட்டூரில் மதகைத் திறக்க வேண்டியிருக்கும். அடுத்தவர் தொண்டையில் இறங்கியது உங்கள் நோன்பை முறிக்காது என்று பள்ளிவாசல் அஜ்ரத் சொல்லிப் பார்த்தார். “வயிறு முட்ட டீயை வச்சிக்கிட்டு நோன்புன்னு சொன்னா, நன்மை தீமை எழுதுற மலக்கு சிரிக்க மாட்டாரா அஜ்ரத்?” என்றார் பீவி. சிட்டு மொபைலுக்குப் புகார் செய்தார். புகார் தீர்ந்ததா, தீர்ந்தால் ஒன்றை அழுத்தவும் என்று மெசேஜ் சென்னியப்பனுக்குப் போயிற்று; அவர் எதற்கும் ஒன்றை அழுத்துகிறவர், அழுத்தினார். வாடிக்கையாளரே திருப்தி தெரிவித்துவிட்டார் என்று கோப்பை மூடினார்கள். சென்னியப்பனுக்கே போன் போட்டால், ‘உங்களை நீங்களே அழைக்க இயலாது’ என்றது ஒரு பெண்குரல்.

எனவே பீவி முட்டை வண்டியிலேயே ஏறி நாமக்கல் வந்து சேர்ந்தார். பண்ணை வாசலில் நின்ற சென்னியப்பனின் மனைவி ஆத்தாயி விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “நீங்கதானா அம்மணி? வெள்ளிக்கெழமையானா மனுசன் எஞ்சோத்தத் தொடறதில்லீங்க. கேட்டா வவுறு நெறஞ்சிருக்குதுங்கறாரு. எவ ஊட்டுல திங்கறாரோன்னு ஆறேழு மாசமா வேவு பாத்துட்டிருக்கறனுங்க!”

“எங்க வீட்டு பிரியாணிதாங்க்கா அது,” என்றார் பீவி.

“வெள்ளிக்கெழம போவட்டுங்க,” என்றார் சென்னியப்பன். “பொரட்டாசி சனிக்கெழம தளிகையில உக்காந்தா வாயில நல்லி எலும்பு வருதுங்களே! பெருமாள் சோதிக்கறாருன்னு கண்ண மூடி முழுங்கிப்புட்டனுங்க.”

பீவி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, பகலில் மட்டும் டீயை நிறுத்தும்படி கேட்டார். “அடுத்த பொரட்டாசியில சனிக்கிழமைக்குக் கத்திரிக்காதான், அண்ணே.”

சென்னியப்பன் நோன்பிருந்தார். பகலில் அவர் விட்ட கொட்டாவிகளுக்குப் பண்ணைத் தகரக்கூரை எழும்பி எழும்பி அமர்ந்தது. கோழிகளும் பகலில் தீனியைத் தொடாமல் பொழுது சாய்ந்த பிறகே முட்டையிட்டன. மஞ்சள் கரு பிறை வடிவில் இருந்ததாக வியாபாரிகள் சொன்னார்கள்; அதற்காக விலை ஏறவில்லை.

கடைசி நோன்பின் மாலை, பாங்குக்குச் சற்று முன், நிறுவனத்திடமிருந்து இருவருக்கும் ஒரே மெசேஜ் வந்தது: தவறுதலாக இணைக்கப்பட்டவர்கள் பிரிய இரண்டை அழுத்தவும், சலுகை பத்து நிமிடம் மட்டும். நாமக்கல்லில் சென்னியப்பனின் விரல் இரண்டின் மேல் போய் நின்றது. இப்போது அழுத்தினால் நோன்புக் கஞ்சி வராதே என்று விரலை எடுத்துக்கொண்டார். அயோத்தியாப்பட்டணத்தில் பீவியும் போனைக் கையில் எடுத்தார். பாவம், அந்த மனுசன் காலையிலிருந்து பட்டினியாக வாயைத் திறந்துகொண்டு நிற்பாரே என்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். சென்னியப்பன் பண்ணையில் நின்றபடி கொட்டையைத் துப்பினார்.