மூன்றாம் சரணம்

சபையின் நூற்றைம்பதாம் ஆண்டுப் பாட்டுப்புத்தகத்துக்காக எழுதிக் கொண்டுவந்த தாளை ஆன்ஸ்லின் உரக்க வாசித்தான். பாடகர் குழுவின் செயலாளர் அவன். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அது பிறந்த வரலாற்றையும் போடுவதாக ஏற்பாடு. "மகளைப் பறிகொடுத்த துயரில் திரு. ரசலையன் மலையில் தனித்து ஜெபித்தபோது ஆண்டவர் அருளிய பாடல் இது." வாசித்துவிட்டு, சரிதானே என்பதுபோல ஜெபமணியைப் பார்த்தான்.

ஜெபமணி கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த இரண்டு வருடங்களாக ரசலையனுக்கு வலதுபக்கம் விளங்கவில்லை, பேச்சும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட ‘தா... தா...’ என்ற சத்தம்தான். பாட்டு மட்டும் சொல் பிசகாமல் வரும். பேச்சு மூளையில் வேறு இடம், பாட்டு வேறு இடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"இவரு மலையில ஜெபிக்கேல்ல, மக்கா. பிள்ள போன அண்ணைக்கு இவரு புதுக்கடையில, கன்வென்ஷன் கூட்டத்துல பாடிட்டு இருந்தாரு."

நாற்பத்தோரு வருடங்களுக்கு முன் ஓர் ஆனி மாதம் அது. குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள் வீடு. நான்கு வயது செசிலிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆறு பெருகி பஸ் நின்றுபோயிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஜெபமணி மழையில் நடந்தாள். வழிநெடுக பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தில் சுட்டுக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அந்தச் சூடு நின்றுவிட்டது.

ரசலையன் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். அடக்கத்தில் அவள் அழவில்லை. ஐந்தாம் நாள், அடுப்பங்கரையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவள் தன்னையறியாமல் ஒப்பாரிபோல ஆண்டவரிடம் வழக்காடத் தொடங்கினாள். வெளியே நின்ற ரசலையன் அதைக் கன்வென்ஷன் நோட்டீஸின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் ராகம் போட்டார். நான்கு சரணங்களில் மூன்றை அப்படியே விட்டார். மூன்றாவதை அவள் சொன்னது இப்படி:

*மழையிலே ஓர் சுடரை ஏந்தி வந்தேன் – கை*
*மறைவிலே காற்றுக்குக் காத்து வந்தேன்,*
*வாசலில் நீர் நிற்பீர் என்று வந்தேன் – என்*
*கண்முன்னே அணைத்தீரே, கர்த்தாவே.*

ரசலையன் ‘கண்முன்னே’யை எடுத்துவிட்டு ‘மார்போடே’ என்று வைத்தார். மாற்றியது அந்த ஒரு சொல்தான். சுடரை அணைத்த கை, பிள்ளையை வாரி அணைத்த கையாகிவிட்டது.

"ஆண்டவரை ஏசி சபையில பாட ஒக்குமா, ஜெபமணி?" என்று கேட்டார் அன்றைக்கு.

பாட்டு ஊர் ஊராகப் போயிற்று. அது இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஓர் அடக்கம் நடக்காது என்றாயிற்று. பிள்ளையைத் தோற்ற தாய்மார்கள் ரசலையனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த வரி வரும்போது ஜெபமணி மட்டும் வாயை மூடிக்கொள்வாள். துக்கம் அடைக்கிறது என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அவள் சொல்லி முடித்ததும் ஆன்ஸ்லின் பேனாவைத் திறந்து, தாளில் எழுதியிருந்ததை அடித்தான்.

"அப்ப பாட்டு உங்களுக்கதா, மாமி? பேரையும் சேத்துப் போடுவோம்."

"பேரு வேண்டாம். ராகம் இவருக்கதுதான். இவரு இல்லேன்னா அது அடுப்பங்கரையிலயே போயிருக்கும். எனக்க அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிப் போட்டா மதி, அது போதும்."

அவன் தலைகுனிந்தான். "எனக்க அம்மையை அடக்கினப்போ, அந்த ‘மார்போடே’யிலதான் நான் பிடிச்சு நின்னேன், மாமி."

நாற்பத்தோரு வருடம் எத்தனை பேர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்பது ஜெபமணிக்கும் தெரியும்.

அப்போது அவளுடைய சேலைத் தலைப்பு இழுபட்டது. ரசலையனின் இடதுகை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். உதட்டோரத்தில் கஞ்சி வடிய, பாடத் தொடங்கினார்.

‘மழையிலே ஓர் சுடரை...’ குரல் தேய்ந்திருந்தது, சுருதி விலகவில்லை. ‘வாசலில் நீர் நிற்பீர் என்று வந்தேன், என்...’ அங்கே நின்றார். தொண்டை நரம்பு புடைத்தது. ‘க... க...’ என்றார். பிறகு, பழகிய வழியிலேயே நாக்கு சரிந்துகொண்டு போய், ‘மார்போடே’ என்றது.

தலையை வேகமாக ஆட்டினார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் ‘மார்போடே’. மூன்றாம் முறை பாடும்போது கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"மதி, விடுங்க," என்றாள் ஜெபமணி. "போவட்டும். மதி."

அவர் கேட்கவில்லை. நான்காவது முறை ‘மழையிலே’ என்று எடுத்தார். ஆன்ஸ்லின் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தான். ஜெபமணி கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த வரி நெருங்கியதும் குனிந்து, அவர் காதோரம், அவருக்கு அரைத் தாளம் முன்னதாக, ‘கண்முன்னே’ என்று எடுத்துக்கொடுக்க, இத்தனை வருடம் மூடியிருந்த வாயைத் திறந்தாள்.